எழுத்தில்லாத கேக்

சுவரில் இருக்கும் சுவிட்சை லுசில் டெரியோ மேலே தள்ளுகிறார். உள்ளறையின் கூரையில் சிவப்பு விளக்கு சுழலத் தொடங்குகிறது. அவருக்குப் பின்னால், கழிவறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் ஸ்பேனர் பெட்டியோடு காலை மாற்றி மாற்றி நிற்கிறார். "வெளியாள் வர்றார்" என்று லுசில் குரல் கொடுக்கிறார். அதட்டல் இல்லை, கத்தல் இல்லை. கோயில் மணி போல என்றைக்கும் ஒரே சுருதி. உள்ளே காகிதங்கள் குப்புறக் கவிழ்கின்றன. கணினித் திரைகள் இருள்கின்றன. பலகையின் மேல் துணி விழுகிறது.

"எனக்கென்ன அம்மையா போட்டிருக்கு?" என்று குழாய்க்காரர் கேட்கிறார்.

"அம்மைன்னா ஊசி போட்டுக்கலாம். இதுக்கு ஊசி கிடையாது. நேராப் பாத்து நடங்க, தம்பி."

எங்கள் கம்பெனியில் வருஷக்கணக்காக அன்றாடம் நடந்த காட்சி இது. நாங்கள் எல்லோருமே லுசிலை முதலில் சந்தித்தது இப்படித்தான், அந்தச் சிவப்பு விளக்கின் கீழே, வெளியாளாக. வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அரசாங்கம் நம் பூர்வோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்து அனுமதி தரும்வரை உள்ளறையில் தனியாகக் கால் வைக்க முடியாது. பக்கத்து வீட்டாரைக் கேட்பார்கள். படித்த இடத்தில் கேட்பார்கள். கடன் உண்டா, குடி உண்டா, வெளிதேசத்தில் உறவு உண்டா என்று கேட்பார்கள். அதெல்லாம் முடிகிறவரை கழிவறைக்குப் போனாலும் லுசில் முன்னால் நடப்பார். பெரிய பட்டத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தவனுக்கும் அதே குரல், குழாய்க்காரருக்கும் அதே குரல். அனுமதி வந்துசேர்ந்த அன்று அவரே கதவைத் திறந்துவிட்டு, சுவிட்சைத் தொடாமல் ஒதுங்கி நிற்பார். விளக்கு எரியாமல் நடந்துபோன அந்த நடைதான் எங்களில் பலருக்கு உண்மையான பட்டமளிப்பு விழா.

பாதுகாப்பு அதிகாரி என்பது அவருடைய பதவி. அதைக் கேட்டவர்கள் தொப்பியும் லத்தியும் எதிர்பார்ப்பார்கள். லுசில் குட்டையான, பூசினாற்போன்ற உருவம். கோடையிலும் ஒரு பின்னல் சட்டை. சங்கிலி கோத்துக் கழுத்தில் தொங்கும் கண்ணாடி. காலில் நர்சுகள் போடுகிற ஓசையெழாத வெள்ளைக் காலணி. அந்தக் காலணியால்தான் அவர் வருவது யாருக்கும் தெரியாது. "மதர் வர்றாங்க, கவுத்து வை" என்பது உள்ளறையின் பழைய எச்சரிக்கை. எங்கள் ஊரான நாஷுவாவில் பாதிப் பேர் கன்னியாஸ்திரிகளிடம் பிரம்படி வாங்கிப் படித்தவர்கள்; அதனால் அந்தப் பெயர் சுலபமாக ஒட்டிக்கொண்டது. லுசிலுக்கும் அது தெரியும். "மதர்னா எனக்குப் பென்ஷன் யாரு குடுப்பா, போப்பாண்டவரா?" என்பார்.

ஆற்றங்கரையில் இருக்கும் பழைய பஞ்சாலைக் கட்டடத்தின் ஒரு மாடியில்தான் கம்பெனி. அரசாங்கத்தோடு போடுகிற ஒப்பந்தத்தில் என்ன செய்ய வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு பாகம். எதையெல்லாம் வெளியே விடக் கூடாது என்பது இன்னொரு பாகம். அந்த இரண்டாம் பாகம் லுசிலின் ராஜ்ஜியம். நாங்கள் செய்வது ஒரு பெட்டி. அது எதற்குள்ளே போய் உட்காருகிறது என்பது சொல்லக் கூடாதவற்றில் முதலாவது. சர்ச்சுக்குப் போனால் கேட்பார்கள், கல்யாணத்தில் கேட்பார்கள், முடிவெட்டப் போன இடத்தில் கேட்பார்கள். என்ன சொல்வது? அதற்கு லுசில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் செய்து கொடுத்திருந்தார்.

"பெட்டிக்குள்ள வைக்கிற பெட்டி செய்றோம்."

பொய் இல்லை. உண்மையும் கசியாது. மனைவிமார், மாமனார், மச்சான், எல்லோருக்கும் இதே பதில்தான். லுசிலின் கணவர் ஜெரார்ட் நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். அவருக்கும் இதே பதில். இரண்டாவது கேள்வி ஒன்றை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு லுசிலுக்கு அந்த உள்ளறையைத் தவிர வேறு வீடு இருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த வீடும் ஒரு அனுமதியின் மேல் நிற்கிற வீடு. ஒரு கையெழுத்தில் கொடுக்கிற அரசாங்கம், ஒரு பேச்சு வெளியே போய்விட்டால் அதே மாதிரி எடுத்தும் கொள்ளும். அப்புறம் அது பூட்டின கதவுதான்.

மாலையில் எல்லோரும் கிளம்பும்போது லுசில் இரும்பு அலமாரிகளின் கைப்பிடியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். இழுத்தபின் ஒரு தட்டு, தொழுவத்தில் கட்டிவிட்டு மாட்டின் முதுகில் தட்டுவது போல. குறிப்பு எழுதிய தாளை எடுத்துப் பூட்டினால் போதாது, அதற்கு அடியில் இருந்த வெற்றுத்தாளையும் எடுத்துக்கொள்வார். பேனாவின் அழுத்தம் அதில் இறங்கியிருக்கும். தட்டச்சு இயந்திரம் இருந்த காலத்தில் அதன் நாடாவைக் கழற்றிப் பூட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பாலும் முட்டையும் வாங்கக் குறிப்பு எழுதினாலும் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துத்தான் எழுதுவார். "எங்க வீட்டு முட்டைக் கணக்கை எந்த நாட்டுக்காரனும் கண்டுபிடிக்க முடியாது" என்று ஜெரார்ட் சொல்லிச் சொல்லிச் சிரித்ததை நாஷுவாவில் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

உள்ளறையின் பழைய ஆட்களிடம் பேச்சைக் கிளறினால் முதலில் வருவது புகை வாசனை. அந்த நாட்களில் வேண்டாத தாள்களைச் சிவப்புக் கோடு போட்ட பைகளில் கட்டி, வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஆலையின் பின்புறம் இருந்த செங்கல் அடுப்பில் எரிப்பார்கள். எரிக்க ஒரு ஆள் போதாது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும் என்பது விதி. லுசிலோடு கூட நின்றவர் எப்போதும் ஆர்மண்ட் கோட்ரோ. எங்கள் பெட்டியை வரைந்தவர் அவர்தான். நெடுநெடுவென்று வளர்ந்து, சட்டைப் பையில் பென்சில்களை அடுக்கிக்கொண்டு, தன் உயரத்துக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது போலக் குனிந்தே நடப்பார். தாள் சாம்பலாகி, சாம்பலையும் கம்பியால் கிளறி, ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை என்று கண்ணால் காணும்வரை இருவரும் நகரக் கூடாது. இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கம் மேப்பிள் மரங்கள் செக்கச்செவேலென்று நிற்கும், இந்தப் பக்கம் இவர்களுடைய தீ. ஆர்மண்ட் உருளைக்கிழங்கைத் தகரத்தாளில் சுற்றி அடுப்போரம் சொருகி வைப்பார்.

"அரசாங்க ரகசியத்துல சுட்ட கிழங்கு, லூ. வேற எந்தக் கடையிலயும் கிடைக்காது."

"உப்பு கொண்டாந்தியா, அதைச் சொல்லு."

ஒரு வெள்ளிக்கிழமை, தானே மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த வரைபடங்களை ஆர்மண்ட் அடுப்புக்குள் தள்ள வேண்டியிருந்தது. புதிய வரைபடங்கள் வந்துவிட்டன. பழையவை இருக்கக் கூடாது. தள்ளிவிட்டு அண்ணாந்து பார்த்தார். "என் மூளையில பாதி இந்தப் புகைபோக்கி வழியாத்தான் போச்சு" என்றார். லுசில் கம்பியை அவர் கையில் கொடுத்து, "அதோ ஒரு ஓரம் கருகல பாரு. நல்லாத் தள்ளு" என்றார். இப்போது அந்த அடுப்பு இல்லை. தாளைக் கூழாக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அதில் கிழங்கு சுட முடியாது.

கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கிருந்தோ ஒரு நாள் செய்தி வரும், பெட்டி நல்லபடியாக வேலை செய்தது என்று. கொண்டாட வேண்டும், ஆனால் எதைக் கொண்டாடுகிறோம் என்று எங்கும் எழுதக் கூடாது. லுசில் மெயின் தெருப் பேக்கரிக்குப் போவார்.

"என்ன எழுதணும்?"

"ஒண்ணும் எழுத வேண்டாம்."

"யாருக்குப் பிறந்தநாள்?"

"யாருக்கும் இல்ல."

"நாலு பூவாவது போடட்டுமா?"

"பூ வேண்டாம். பூ போட்டா யாராவது எண்ணுவாங்க."

பேக்கரிக்காரம்மாவுக்கு இது மனசில் பட்டுவிட்டது. பாவம், தனிக்கட்டை, தனக்குத்தானே கேக் வாங்கிக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் இரண்டு பிஸ்கட்டைச் சேர்த்து வைத்துக் கட்டிக் கொடுப்பார். வெள்ளை வெளேரென்று, ஒரு கோடுகூட இல்லாமல் அந்தக் கேக் சாப்பாட்டு அறைக்கு வந்தால் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும். கை தட்டுவது கிடையாது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு சாப்பிடுவோம். ஒரு தடவை, புதிதாக வந்த மேலாளர் ஒருவர் ஆர்வக்கோளாறில் வேறு கடையிலிருந்து படம் போட்ட கேக்கை வாங்கி வந்துவிட்டார். என்ன படம் என்று கேட்காதீர்கள். லுசில் அதை ஒருகணம் பார்த்தார். கத்தியை எடுத்தார். சர்க்கரையில் வரைந்திருந்த படத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை வழித்து, மற்றவர்கள் பார்க்கப் பார்க்கத் தானே தின்று முடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "அழிச்சாச்சு. கூட நின்னு பாத்தது யாரு? ஆர்மண்ட், நீ பாத்தேல்ல?" என்றார். நான் பார்த்தேன் என்று ஆர்மண்ட் மிகவும் பணிவாக ஒப்புக்கொண்டார்.

வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரையும் உட்கார்த்தி வைத்து லுசில் பாடம் எடுப்பார். முன்னால் டோனட் பெட்டி இருக்கும். பாடம் முடிகிறவரை அதைத் திறக்க மாட்டார். வருஷம் தவறாமல் அதே பேச்சு. "வாயால பேசறது மட்டுந்தான் பேச்சுன்னு நினைக்காதீங்க. தலையாட்டினாலும் பேச்சுதான். கேட்டவுடனே சிரிச்சாலும் பேச்சுதான். கேட்டவங்களுக்குப் புரிஞ்சுபோச்சுன்னா நீங்க சொல்லிட்டீங்கன்னு அர்த்தம்."

"கண்ணடிச்சா?" என்று பின்வரிசையிலிருந்து ஆர்மண்ட் கேட்பார். அதுவும் வருஷம் தவறாமல்.

"உன் கண்ணுக்குத் தனியா ஒரு ரிப்போர்ட் எழுதுவேன்."

விளையாட்டாகச் சொன்னதல்ல அது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு வரைபடத்தை மேசைமேல் விட்டுவிட்டுப் போனதற்காக லுசில் ஒருமுறை ஆர்மண்டைப் பற்றி உண்மையாகவே எழுதி அனுப்பினார். அந்த வரைபடத்தை வெளியாள் யாரும் பார்க்கவில்லை. அறைக்குள்ளே எல்லோரும் அனுமதி உள்ளவர்கள்தான். ஆனாலும் விதி விதி. ஆர்மண்டுக்கு அந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அடுப்படியில் லுசில் தலை குனிந்து நின்றார். ஆர்மண்ட் தகரத்தாளைப் பிரித்து, பெரிய கிழங்கை அவர் பக்கம் தள்ளி, "உப்பு கொண்டாந்திருக்கேன்" என்றார்.

ஆர்மண்ட் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். பனி உருகி ஆறு நிறைந்து ஓடிய பருவம். அடக்கப் பூசை முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் சாப்பாடு. ஹாம் சாண்ட்விச், பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட் என்று ஆளுக்கொன்று கொண்டு வந்திருந்தார்கள். லுசில் கொண்டுவந்தது கேக். வெள்ளைக் கேக், எழுத்தில்லாத கேக். கூடத்தின் மூலையில் ஆர்மண்டின் புகைப்படங்களை ஒட்டிய பலகை இருந்தது. மீன் பிடிக்கும் ஆர்மண்ட். பிள்ளைகளைத் தோளில் தூக்கிய ஆர்மண்ட். பனியில் புதைந்த காரோடு ஆர்மண்ட். ஒரு ஆயுசு முழுக்க வேலை பார்த்த மனிதருக்கு வேலை செய்கிற இடத்தில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. இருக்க முடியாது. அப்படி ஒன்று இல்லாமல் பார்த்துக்கொண்டவர் லுசில்தான். பலகையின் முன்னால் அவர் நின்ற நேரம் கொஞ்சம் அதிகம்.

ஆர்மண்டின் மனைவி பாலெட் வந்து அவர் கையைப் பிடித்து அடுக்களைப் பக்கம் கூட்டிப் போனார். காபிப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. வேறு யாருமில்லை.

"இந்தக் கேக்கை எனக்குத் தெரியும், லூ" என்றார் பாலெட். "ரொம்ப நாளைக்கு முன்னால, ஒரு துண்டை டிஷ்யூல சுத்தி எடுத்துட்டு வந்தார். நின்னுக்கிட்டே சாப்பிட்டார். சாப்பிடறப்ப கண்ணுல தண்ணி. என்னங்கன்னு கேட்டேன். கிரீம் நல்லா இருக்குன்னார்."

லுசில் காபிப் பாத்திரத்தின் சூட்டைக் குறைத்தார்.

"குடும்ப நாளுன்னு வருஷா வருஷம் உங்க ஆபீசுக்கு வந்திருக்கேன். துணி போத்தின மேசைதான் பாத்தேன். பெட்டிக்குள்ள வைக்கிற பெட்டி. சரி. வெளிப் பெட்டி என்னன்னு நான் கேக்கல. உன்னை மாட்டிவிட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அது மேல போச்சா, கீழ போச்சா? அவரை நினைக்கறப்ப நான் எந்தப் பக்கம் பாக்கறதுன்னாவது தெரிய வேண்டாமா?"

லுசிலுக்கு வாக்கியம் தெரியும். அவரே செய்த வாக்கியம். எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தது. "பாலெட், அவர் செஞ்சது..." என்று தொடங்கவும் செய்தார். அதற்குள் கண் ஒரு பக்கம் போய்விட்டது. எந்தப் பக்கம் என்று இங்கே எழுதுவதற்கில்லை. போய், உடனே திரும்பியும் விட்டது. பாலெட் அதைப் பிடித்துக்கொண்டார். தலையை மெதுவாக ஆட்டினார். லுசிலின் விரல்களை ஒருமுறை அழுத்திவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு கேக் வெட்டப் போனார்.

அன்று வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு லுசில் வெகுநேரம் இறங்கவில்லை. அடுக்களையில் வேறு யாரும் பார்க்கவில்லை. மனுஷக் கண் ஒரு நாளைக்கு எத்தனை தடவை எங்கெங்கோ போகும். அதற்கு என்ன அர்த்தம் என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. பாலெட் உயிர் போனாலும் சொல்ல மாட்டார். இதெல்லாம் லுசிலுக்கும் தெரிந்துதான் இருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. கேட்டவருக்குப் புரிந்துவிட்டது. ஜெரார்ட் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கண் போயிருக்குமா என்றும் யோசித்ததாகப் பின்னாளில் சொன்னார். போயிருக்காது என்றார். அப்போது வயசு குறைவு, கண் சொன்னபடி கேட்டது என்றார்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி முதலாளி ரஸ்ஸின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். ரஸ்ஸின் அப்பா காலத்திலேயே வேலைக்கு வந்தவர் லுசில். ரஸ் அரைக்கால் சட்டையோடு ஓடியதைப் பார்த்தவர். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ரஸ் முதலில் சிரித்தார். சிரிப்பு நின்றதும் முகம் வெளுத்தது.

"கண்ணு அசைஞ்சதுக்கெல்லாமா ரிப்போர்ட் எழுதுவாங்க, லுசில்? நீங்க சொல்லாட்டி இது யாருக்குத் தெரியும்?"

"பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரியும்."

"அது நீங்கதானே?"

"ஆமா. பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு மீறல் தெரிய வந்திருக்கு, ரஸ். தெரிய வந்தா என்ன செய்யணும்னு நான்தானே உனக்குச் சொல்லிக் குடுத்தேன்."

அந்த ஒப்பந்தம் போனால் மாடி முழுவதும் காலியாகிவிடும் என்று ரஸ் சொன்னார். எத்தனை குடும்பம் இதை நம்பி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். உங்களுக்கே உங்கள் அனுமதி போய்விடும், அப்புறம் இந்தக் கதவுக்கு வெளியேதான் என்று கெஞ்சினார். மறைத்து வைத்தால்தான் ஒப்பந்தம் போகும், சொன்னால் நான் மட்டும்தான் போவேன் என்று லுசில் பதில் சொன்னார். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "ஆர்மண்டைப் பத்தி எழுதிக் குடுத்த கை இது. எனக்குன்னு வர்றப்ப அது மட்டும் வலிக்குதுன்னு சொல்ல முடியுமா?"

அரசாங்கத் தரப்பிலிருந்து இருவர் வந்தார்கள். விசாரணை முடியும்வரை லுசிலின் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஓர் ஆளின் அனுமதி போனால், அந்த ஆளுக்குத் தெரிந்த பூட்டுகளின் எண்களையெல்லாம் அன்றைக்கே மாற்ற வேண்டும். அவருக்குத் துணையாக வேலை பார்த்த ப்ரெண்டன் ராணுவத்தில் இருந்து வந்த, நடுவயதைத் தாண்டிய மனிதர். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், நீங்கள் முதலில் வீட்டுக்குப் போங்கள் என்று தயங்கினார். மாற்றாமல் நகர மாட்டேன் என்று லுசில் அங்கேயே நின்றார். ஒவ்வொரு அலமாரியாகப் புது எண் வைக்கும்போதும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை போல இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கடைசிப் பூட்டு முடிந்ததும் திரும்பாமலே, "இழுத்துப் பாத்தியா?" என்று கேட்டார். ப்ரெண்டன் இழுத்துப் பார்த்தார். "தட்டு" என்றார் லுசில். ப்ரெண்டன் தட்டினார்.

அந்த இருவரும் பாலெட்டின் வீட்டுக்கும் போனார்கள். தெரியக் கூடாதது தெரிந்துவிட்டால், வாழ்நாள் முழுக்க வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்குவது வழக்கம். பாலெட் அவர்களை உட்காரவைத்துக் காபியும் ஆப்பிள் பலகாரமும் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக் கேட்டுவிட்டு, ஆர்மண்டின் பென்சில் டப்பாவிலிருந்து பேனா ஒன்றைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டாராம். அன்று சாயங்காலம் லுசிலுக்குத் தொலைபேசியில் பேசினார்.

"என்னால உனக்கு இப்படி ஆச்சேன்னு அழலாம்னுதான் போன் எடுத்தேன், லூ. அழுகை வரல. இதே மாதிரி ஒண்ணுல கல்யாணத்துக்கு முன்னாலயே அவர் கையெழுத்துப் போட்டிருக்கார். இன்னிக்கு நான் போட்டேன். இப்பத்தான் நான் அவர் பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

"பிள்ளைங்க கேட்டாங்களா?"

"பெரியவன் கேட்டான். அப்பா என்னதாம்மா செஞ்சாருன்னு."

"என்ன சொன்னே?"

"பெட்டிக்குள்ள வைக்கிற பெட்டின்னு சொன்னேன்."

லுசில் அன்றைக்குத்தான் அழுதார்.

ஒப்பந்தம் போகவில்லை. தானாக முன்வந்து சொன்னதால் கம்பெனிக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. லுசிலின் அனுமதி திரும்பவில்லை. மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள், அவர் செய்யவில்லை. விதி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, அதோடு எதற்குச் சண்டை என்று கேட்டார். வீட்டில் உட்காரச் சொன்னதற்கு மட்டும் ஒப்பவில்லை.

இப்போது லுசில் டெரியோ கம்பெனியின் முன்வாசலில், வரவேற்பு மேசையில் இருக்கிறார். வருகிறவர்களுக்குச் சிவப்புப் பட்டை போட்ட அடையாள அட்டையைக் கொடுத்து உட்காரச் சொல்கிறார். அதே பட்டை போட்ட அட்டை ஒன்று அவர் கழுத்திலும் தொங்குகிறது, கண்ணாடிச் சங்கிலியோடு பின்னிக்கொண்டு. உள்ளறையின் கதவு அவருடைய நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

சென்ற வாரம் ரஸ் மேசைப் பக்கமாக நடந்தபோது, "ஒரு கேக் சொல்லிடுங்க, லுசில்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, லுசிலும் கேட்கவில்லை. பேக்கரிக்காரம்மா வழக்கம்போல என்ன எழுத வேண்டும் என்று கேட்டு, வழக்கமான பதிலை வாங்கிக்கொண்டு, இரண்டு பிஸ்கட்டைச் சேர்த்து வைத்துக் கட்டிக் கொடுத்தார். சாப்பாட்டு அறைக்கு உள்ளறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவைத் திறந்த ப்ரெண்டனுக்கு அவரைப் பார்த்ததும் தர்மசங்கடமாகிவிட்டது.

"வாங்க, வாங்க. உங்களுக்குப் போய் விளக்கெல்லாம் எதுக்கு? நாலு எட்டுதானே. உள்ள இருக்கறவங்க எல்லாம் நீங்க வளத்தவங்க."

லுசில் கேக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையை நீட்டிச் சுவிட்சை மேலே தள்ளினார். சிவப்பு விளக்கு சுழலத் தொடங்கியது. "வெளியாள் வர்றார்" என்று குரல் கொடுத்தார், அதே சுருதியில். காகிதங்கள் கவிழ்ந்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு, வெள்ளைக் கேக்கின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், அந்த அறையைக் கடந்து நடந்தார்.